பழைய லேப்டாப்பும் அப்பாவின் அறுபது பக்கங்களும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே என் லேப்டாப் என்னை எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 2016-ல் வாங்கியது. 4 ஜிபி நினைவகம். திறந்து வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தால் தயாராக இருக்கும். விண்டோஸ் 11 போடலாமா என்று சோதித்துப் பார்த்தேன். இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தது. டி.பி.எம். 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேண்டுமாம். என்னுடையது ஆறாம் தலைமுறை.

சென்னையில் இருக்கும் மகன் போனில் ஒரே வரியில் முடித்துவிட்டான். "பத்து வருஷம் ஆகப்போகுதுப்பா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம், நான் ஆன்லைன்ல போட்டுடறேன்." அவனுக்கு அது பழைய சாமான். எனக்குள் தயக்கம். காசு மட்டும் காரணமில்லை. இந்த மாதிரி ஒரு மாற்றத்தில் ஏற்கெனவே ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

எங்கள் ஊர் ஆரணி. பட்டுக்குப் பேர் போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி என்று நினைத்துவிட வேண்டாம். இது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கும் புதுவாயலுக்கும் இடையில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். அப்பா பக்கத்துக் கிராமத்தில் கர்ணமாக இருந்தார். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தபோது அவர் பதவியும் போனது. சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் ஒப்படைப்பதற்கு முன்னால், ஏரிப் பாசனம், மதகு, யார் நிலத்துக்கு எந்த வாய்க்கால் என்பதையெல்லாம் சொந்த நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் இங்கே எந்தக் கரை முதலில் உடையும் என்பதுகூட அதில் இருந்தது.

2003-ல் அந்த நோட்டைச் செல் அரிக்க ஆரம்பித்தது. அப்பா சொல்லச் சொல்ல நான் புதிதாக எழுதி, பொன்னேரியில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கினேன். அறுபது பக்கம் வந்தது. அச்சு எடுத்தது பதினோரு பக்கம்தான், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிளாப்பியில் வாங்கி வந்துவிட்டேன். 2006-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அந்தப் பிளாப்பியை எங்கள் கம்பெனியின் புதிய எக்ஸ்.பி. கணினியில் போட்டுத் திறந்தால், ஆங்கில எழுத்தும் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்தும் கேள்விக்குறியும் கலந்து ஒரே குப்பை. கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பழைய விண்டோஸ் 98 கணினியை விற்றுவிட்டிருந்தார். எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது அவருக்கு நினைவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. என் வயதுக்காரர்கள் பலரிடமும் இப்படிப் பழைய கோப்புகள் இருக்கும் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் செய்தது ஒரு வேஷம். கணினியின் கணக்கில் அது ஆங்கில எழுத்துதான், திரையில் மட்டும் தமிழ் உருவம் போட்டு நிற்கும். எந்த ஆங்கில எழுத்தின் நாற்காலியில் எந்தத் தமிழ் எழுத்தை உட்கார வைப்பது என்பது ஒவ்வொரு மென்பொருள்காரருக்கும் ஒரு விதம். எழுத்துரு போனால் வேஷம் கலைந்துவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, ஒரு விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் பரிந்துரைத்தது. தமிழ்99 விசைப்பலகை நிலைத்தது. குறியீடு நிலைக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் யூனிகோடு வந்துவிட்டது. அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் தனியாக ஒதுக்கியிருந்தார்கள், வேஷம் தேவையில்லை. விண்டோஸ் 2000-த்தில்தான் மைக்ரோசாப்ட் யூனிகோடு தமிழை, லதா எழுத்துருவோடு, முதலில் கொடுத்தது. எக்ஸ்.பி.யிலும் அது தானாக வேலை செய்யாது. மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, எக்ஸ்.பி. குறுந்தகட்டைப் போடச் சொல்லும்போது போட வேண்டும். எத்தனை பேரிடம் அசல் குறுந்தகடு இருந்தது என்பது ஊரறிந்த ரகசியம். தமிழக அரசே யூனிகோடை ஏற்றது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்.

அரசு என்றதும் இன்னொன்று. இயங்குதளத்தை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியில் தமிழ்நாட்டு அரசுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம். 2007 வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கும் லினக்ஸ் போட்ட கணினிகள் போயின. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது நம் மாவட்டத்தில்தான், காக்களூரில். அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எங்கள் தெருவில் லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கடைக்கு எடுத்துப் போய் பாஸை அழித்துவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் அழிக்காமல் வைத்துக்கொண்டான். அவனிடம் பிறகு வருகிறேன். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்.பி.க்கு ஆதரவு முடிந்தபோது, அரசு அலுவலகங்களில் அதற்குப் பதிலாக பாஸ் போடச் சொல்லி உத்தரவு வந்தது. எத்தனை தாலுகா ஆபீசில் போட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியின் எடைமேடைக் கணினியில் நான் ஓய்வு பெறும்வரை எக்ஸ்.பி.தான். எடை போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார் என்று தெரியாது. மாற்றினால் லாரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். "ஓடுற வண்டியை ஏன் சார் பிரிக்கணும்?" என்பார் எங்கள் மெயின்டனன்ஸ்காரர். நானும் தலையாட்டியவன்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் முடங்கின, இங்கே ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலைவரை அது வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பு, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. பூட்டப்பட்டவை பெரும்பாலும் அதைப் போட்டுக்கொள்ளாதவை. ஆகவே "ஒண்ணும் ஆகாது, அப்படியே ஓட்டலாம்" என்ற யோசனையை நானே தள்ளிவிட்டேன். பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் இதே லேப்டாப்பில்தான்.

எதிர்வீட்டுப் பையன் இப்போது சிப்காட்டிலேயே ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். "அங்கிள், உடனே எதையும் அழிக்க வேணாம். பென் டிரைவ்லேர்ந்தே லினக்ஸ ஓட்டிப் பாருங்க, பிடிச்சா போடலாம்" என்றான். லினக்ஸ் மின்ட் என்ற வகை. என் பழைய விண்டோஸைத் தொடாமலே அது திறந்தது, தமிழ்99 தட்டச்சும் வந்தது. பிரின்டர் மட்டும் முரண்டு பிடித்தது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு வாங்க வழியிருக்கிறது என்றும் சொல்லி, அதையும் அவனே பதிவு செய்து கொடுத்தான். எனக்கு வேண்டியது அந்த ஒரு வருஷம்தான்.

அந்தப் பிளாப்பியில் இருந்ததை 2008-லேயே நண்பர் ஒருவர் உதவியோடு கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு குறியீடாகப் போட்டுப் பார்த்துவருகிறேன். ஏழு கோப்புகளில் நாலு மீண்டுவிட்டன. மீண்டதிலும் திருத்தம் நிறைய. பழைய எழுத்துருக்களில் 'ள'வுக்கும் 'ௌ' காரத்தின் பின்பாதிக்கும் ஒரே உருவம் என்பதால், "கௌரி அம்மாள் நிலம்" என்பது "கெளரி" என்று வந்திருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. தினமும் இரண்டு பக்கம், கையிலிருக்கும் பதினோரு பக்க அச்சை ஒப்பிட்டு, மற்றதை நினைவிலிருந்து திருத்துகிறேன். முடிந்த பக்கங்கள் பென் டிரைவில் ஒன்று, மகனிடம் ஒன்று. புது லேப்டாப்பை இப்போதைக்கு வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். கோப்புகள் முழுதும் யூனிகோடுக்கு வந்தபின் இதிலேயே மின்ட் போடுவதாக முடிவு.

மீதி மூன்று கோப்புகள் எந்தக் குறியீட்டுக்கும் மசியவில்லை. வடக்கு மதகு, ஆற்றுக்கால் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. 2003 வாக்கில் பொன்னேரி, பெரியபாளையம் பக்கம் டி.டி.பி. வேலை செய்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அப்போது என்ன எழுத்துரு வைத்திருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.