வாலியர் வீடு யார் பொறுப்பில்?

ஜவ்வாது மலை கீழ்செப்பிலியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. மலையாளிப் பழங்குடிகள் அவற்றை ‘வாலியர் வீடு’ என்கிறார்கள். குள்ள மனுசங்க குடியிருந்த வீடாம். தொல்லியல் ஏட்டில் அவை ஈமச்சின்னம். வீடா, கல்லறையா என்கிற தகராறு கிடக்கட்டும். அவற்றின்மேல் யாருக்கு அதிகாரம் என்பதே நம் கேள்வி.

1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் சரி, 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் சரி, அரசு அறிவித்த சின்னத்தைத்தான் காக்கும். அறிவிப்பது அரசு, காவல் போடுவதும் அரசு. பக்கத்து ஊர்க்காரர் இதில் எங்கே வருகிறார்? மத்தியச் சட்டப்படி இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அவ்வளவுதான். அதற்கப்புறம் சட்டம் அவரைத் தேடுவது, அத்துமீறினார் என்று தண்டிக்க மட்டுமே.

1996இல் வந்த பெசா சட்டம் மரபையும் பண்பாட்டு அடையாளத்தையும் காக்கும் தகுதி கிராம சபைக்கு உண்டு என்றது. ஆனால் அது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூடக் கிடையாது. மலையாளிகள் பட்டியல் பழங்குடிகள்தான். அவங்க மலை மட்டும் பட்டியலில் இல்லை!

மிச்சமிருப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். நாம் அதைப் பட்டா வாங்குகிற சட்டமாகவே பேசிப் பழகிவிட்டோம். அதன் 5ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். பழங்குடிகளின் பண்பாட்டு மரபை அழிக்கும் எந்தச் செயலிலிருந்தும் அவர்கள் வாழிடத்தைக் காக்க அது கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. உரிமை பெற்ற காட்டில் திட்டை இருந்தால் சபை தீர்மானம் போடலாம். அதில் ‘கல்திட்டை’ என்று எழுதணும்னு இல்லை, வாலியர் வீடு என்றே எழுதலாம்.