குடல்வால் கழலைகளும் பெயரிடலின் வரலாறும்

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்ட 1867 ஆம் ஆண்டிலே, 'அப்பென்டிசைட்டிஸ்' என்ற நோய்ப்பெயர் மேலைநாட்டிலும் வழக்கில் இருக்கவில்லை. அதனை 1886 இல் பொஸ்ரன் நகர மருத்துவர் றெஜினால்ட் பிற்ஸ் சூட்டினார். கிறீன் அதற்கு ஈராண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். நாளாந்தம் காணப்படும் குடல்வால் அழற்சிக்கே பெயர் இத்துணை பிந்தி வாய்த்ததெனின், அவ்வுறுப்பில் அரிதாகத் தோன்றும் கழலைகளின் பாகுபாடு நீண்டகாலம் மயங்கிக் கிடந்ததில் வியப்பில்லை.

வியன்னாவின் நோயியல் அறிஞர் றொக்கிற்றான்ஸ்கி, சளி தேங்கி வீங்கிய குடல்வாலை 1842 இல் விவரித்தார். வயிற்றறை முழுவதும் சளி நிரம்பும் நிலைக்கு 1884 இல் வேர்த் பெயரிட்டபோது, சூலகக் கட்டியையே அதற்குக் காரணமாகக் கண்டார். பெரும்பாலும் குடல்வாலே அதன் மூலம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1907 இல் ஒபெர்ன்டோர்பர் சிறுகுடலிற் கண்ட சிறு கழலைகளைப் 'புற்றுப்போன்றவை' என்னும் பொருளில் 'கார்சினொயிட்' என்றார். குடல்வாலின் கழலைகளுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. அவை தீங்கற்றவை என்ற தமது கருத்தை 1929 இல் அவரே திருத்திக்கொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனினும் பெயர் நிலைத்தது. 1974 இல் சுப்புசுவாமியும் அவருடன் ஆய்ந்தோரும், சளி சுரக்கும் கிண்ணக் கலங்களைக் கொண்ட கழலையொன்றையும் கார்சினொயிட் வகையிலேயே சேர்த்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டுப் பாகுபாடே அதனைச் சுரப்பிப் புற்றுநோய் என மாற்றியது. இது வெறுஞ் சொல் மாற்றமன்று. மிகச் சிறிய கார்சினொயிட் ஒன்றுக்குக் குடல்வாலை அகற்றுதலே பெரும்பாலும் போதுமானது. கிண்ணக் கலப் புற்றுநோய்க்கோ வலப்புறப் பெருங்குடலையும் அகற்ற வேண்டி வரலாம். பெயர் பிழைப்பின் சிகிச்சையும் பிழைக்கும்.

இக்கழலைகளுட் பல, அழற்சியெனக் கருதி அகற்றப்பட்ட குடல்வாலை நுணுக்குக்காட்டியில் நோக்கும்போதே தெரியவருகின்றன. எனவே சத்திரசிகிச்சைக் கூடத்தோடு கடமை முடிவதில்லை. இழையம் நோயியலாளரைச் சென்றடைதல் வேண்டும். வன்னி மண்ணில் இவ்வுண்மையின் கனம் பெரிது. யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவபீடம் இருந்தும், 1990 தொடக்கம் 2002 வரையும், மீண்டும் 2006 தொடக்கம் போர் முடிந்த 2009 வரையும், அதனை வன்னியோடு இணைத்த ஏ9 வீதி மூடிக் கிடந்தது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அகற்றப்படும் ஓர் இழையம் அவ்வீதி வழியே ஆய்வுகூடம் செல்ல இயலாதிருந்த காலம் அது.

ஆய்வுக்குட்படாத இழையத்துக்குப் பெயரில்லை. பெயரில்லாத நோய் ஏட்டில் ஏறுவதில்லை. ஒரு நோய் ஒரு பிரதேசத்தில் அரிது என்று கூறுமுன், அங்கே அதைத் தேடுவதற்கு வழி இருந்ததா என வினவுதல் மருத்துவ வரலாற்றாசிரியரின் முதற் கடனாகும்.