மாடு பாலை அடக்குவது ஏன்? அயர்ச்சி ஹார்மோன்கள் பற்றி ஆய்வகம் சொல்லும் பாடம்

சந்தையில் கண்முன்னே ஐந்து லிட்டர் கறந்த மாடு, வீட்டுக்கு வந்த மறுநாள் இரண்டு லிட்டரோடு நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டோம் என்று நட்டத்துக்கு விற்றுவிடுவோர் உண்டு. "ஊசி போட்டால் பால் இறங்கிவிடும்" என்ற யோசனையைக் கேட்போரும் உண்டு. இந்த இரண்டில் எதைச் செய்வதற்கு முன்பும், மாட்டின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அயர்ச்சி என்றால் என்ன?

1936ஆம் ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர், எலிகளைக் குளிர், காயம், கடும் உழைப்பு, நச்சுப்பொருள் எனப் பலவகைத் துன்பங்களுக்கு உட்படுத்தினார். துன்பம் வேறு வேறாக இருந்தாலும் உடலின் பதில் ஒன்றாகவே இருந்தது. சிறுநீரகத்தின் அருகில் உள்ள அட்ரினல் சுரப்பி பெருத்தது. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. அயர்ச்சி பற்றிய இன்றைய ஆய்வுகளுக்கு இதுவே அடித்தளம்.

கறவை மாட்டுக்கு வெயில், லாரிப் பயணம், புது இடம், புது ஆள், வலி, பசி, நாய்த் தொல்லை என எல்லாமே அயர்ச்சிதான். அப்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து இரண்டு முக்கிய ஹார்மோன்கள் வருகின்றன. அட்ரினலின் சில நொடிகளில் வந்து சீக்கிரம் அடங்கிவிடும். கார்டிசால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டளைப்படி சில நிமிடங்களில் உயரும். அயர்ச்சி நீடித்தால் அதுவும் நீடிக்கும். கோழிகளில் கார்டிசாலின் வேலையைக் கார்டிகோஸ்டிரோன் செய்கிறது.

பால் ஏன் இறங்குவதில்லை?

மடியில் ஊறிய பாலின் பெரும்பகுதி நுண்ணிய பைகளில் தங்கியிருக்கும். கன்று முட்டும்போதும் காம்பைக் கழுவித் தடவும்போதும் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் ஹார்மோன் வந்து, அந்தப் பைகளைச் சுற்றியுள்ள தசைச்செல்களைச் சுருங்கச் செய்யும். அப்போதுதான் பால் இறங்கும். இதன் வேகம் சில நிமிடங்களே நீடிக்கும்.

1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள், கறவை நேரத்தில் காகிதப் பைகளை வெடித்துப் பசுக்களை மிரட்டிப் பார்த்தனர். பால் இறங்குவது தடைப்பட்டது. அட்ரினலின் ஊசி போட்டபோதும் அதே விளைவுதான். அட்ரினலின் மடிக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தசைச்செல்கள் ஆக்ஸிடோசினுக்குப் பணிவதையும் தடுக்கிறது. புது இடத்துக்கு வந்த மாட்டில் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் வெளிவருவதே குறைந்துபோகும். ஆகவே மாடு வேண்டுமென்றே பாலை அடக்குவதில்லை. அடித்தால் அட்ரினலின் இன்னும் கூடும், பால் இன்னும் குறையும். மடியில் பால் தங்கத் தங்க அடுத்தடுத்த நாள்களில் ஊறும் அளவும் குறைந்துபோகும்.

செல்லுக்குள் நடப்பவை

கார்டிசால் செல்லுக்குள் நுழைந்து, அதற்கான ஏற்பிப் புரதத்துடன் சேர்ந்து, உட்கருவில் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. தசைப் புரதம் கரைந்து கல்லீரலில் குளுக்கோஸாக மாறுகிறது. ஆபத்து நேரத்தில் இது உயிர் காக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் மாடு இளைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும், மடிநோய் எளிதில் தொற்றும். சினைப் பருவத்தைத் தூண்டும் ஹார்மோன்கள் குறைவதால் பருவ அறிகுறி வெளியே தெரியாமல் போகும்.

1962இல் இத்தாலிய ஆய்வாளர் ரிட்டோசா, பழ ஈக்களைச் சூட்டுக்கு உட்படுத்தியபோது சில மரபணுக்கள் திடீரென விழித்துக்கொள்வதைக் கண்டார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று இன்று அழைக்கப்படும் காவல் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் அவை. சூட்டில் உருக்குலையும் மற்ற புரதங்களை இவை தாங்கிப் பிடிக்கும். மாடுகளிலும் இவை உண்டு.

பண்ணையில் செய்ய வேண்டியவை

• புதிதாக வாங்கிய மாட்டுக்கு ஓரிரு வாரம் அவகாசம் கொடுங்கள். முன்பு சாப்பிட்ட தீவனத்தையே முதலில் கொடுத்து, படிப்படியாக மாற்றுங்கள்.

• ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம் என்ற ஒழுங்கில் கறக்கவும். மடியைக் கழுவித் தடவிய ஒரு நிமிடத்துக்குள் கறவையைத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நிமிடங்களுக்குள் முடிக்கவும்.

• கறவை நேரத்தில் சத்தம், அடி, ஊசி, காதணி பொருத்துதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

• வெயிலை மட்டுமல்ல, ஈரப்பதத்தையும் கவனியுங்கள். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் வெப்ப-ஈரப்பதக் குறியீடு சுமார் 81 ஆகிறது. கலப்பினப் பசுக்களுக்கு 72க்கு மேலேயே அயர்ச்சி தொடங்கிவிடும். நாட்டு மாடுகள் கூடுதலாகத் தாங்கும்.

• ஓய்வாக நிற்கும் மாடு நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் உடனே நிழல், தண்ணீர், காற்றோட்டம் தேவை. உடலை நனைப்பதோடு விசிறியும் இருந்தால்தான் சூடு இறங்கும்.

• அடர்தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் கொடுக்கவும். தாது உப்புக் கலவையைத் தவறாமல் சேர்க்கவும். அதிலுள்ள செலினியம், செல்களைச் சிதைவிலிருந்து காக்கும் நொதி ஒன்றின் பகுதியாகும். கூடுதல் அளவு நஞ்சாகும் என்பதால் குறிப்பிட்ட அளவை மீற வேண்டாம்.

• இறைச்சிக்கு அனுப்பும் ஆடு, மாடுகளை அலைக்கழிக்க வேண்டாம். தசையில் உள்ள கிளைகோஜன் தீர்ந்துவிட்டால் இறைச்சியின் கார அமில நிலை 5.5 அளவுக்கு இறங்காமல் 6க்கு மேல் நின்று, கருத்துச் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஊசி பற்றி ஓர் எச்சரிக்கை

கறவைதோறும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டுப் பழக்கினால், பிறகு ஊசி இல்லாமல் பால் இறங்காத நிலைக்கு மாடு போய்விடும். டெக்சாமெத்தசோன் என்பது கார்டிசாலைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து. நிறைசினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடக்கூடும். இரண்டையும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது.

இரண்டு வாரம் கழித்தும் பால் கூடவில்லை என்றால் மடிநோய், காய்ச்சல், குடற்புழு உள்ளதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற முடிவை அதன் பிறகு எடுக்கலாம்.