பதினாறு பின் இருக்கு, பேச்சு வரலை

நிலக்கோட்டைப் பக்கம் பழைய கார் வச்சிருக்கறவங்க ரெண்டு கோஷ்டி. முதல் கோஷ்டி அம்பாசடர், பத்மினி. அவங்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அந்த வண்டிகளுக்கு வாயே கிடையாது, மெக்கானிக் காது வச்சுக் கேட்டாத்தான் உண்டு. ரெண்டாவது கோஷ்டி பாலியோ 1.6, ஐகான் 1.6, லேன்சர், சிட்டி விடெக், ஆக்டேவியா ஆர்எஸ். ஃபெராரிக்காரங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது நம்மாளுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். (பாலியோல சச்சின் கையெழுத்தோட எஸ்10ன்னு ஒண்ணு 2002ல வந்துச்சு, ஞாபகம் இருக்கா?)

இந்த வண்டிகள்ல ஒரு நாள் செக் இன்ஜின் விளக்கு எரியும். ஓனர் சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் டாங்கிள் வாங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே குனிஞ்சு 16 பின் சாக்கெட்ல சொருகுவார். மொபைல் 'இணைப்பு இல்லை'ன்னு சொல்லும். உடனே பக்கத்துல நிக்கற யாராவது ஒருத்தர் "ஈசியூ போச்சு சார்"ன்னு தீர்ப்பு எழுதிடுவார். நல்லா இருக்கற ஈசியூவைக் கழட்டி, பழைய சாமான் கடையில இன்னொண்ணு தேடி, அது இம்மொபிலைசர் சாவியோட ஒத்துப்போகாம வண்டி மொத்தமா படுத்துடும். பாதிப் பழைய கார்கள் காயலான் கடைக்குப் போற வழி இதுதான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் சரித்திரத்துல இருக்கு.

காருக்குள்ள கம்ப்யூட்டர் வச்சு, அதையே கோளாறைச் சொல்ல வைக்கறது அமெரிக்காவுல பெருசா பரவினது 1981ல. அந்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட கார்கள்ல அதை வரிசையா கொண்டுவந்துச்சு. ஸ்கேனர் எல்லாம் வேண்டாம், ரெண்டு பின்னை ஒரு கம்பியால இணைச்சா விளக்கு கண் சிமிட்டும், எண்ணிக்கணும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. அப்புறம் கலிஃபோர்னியா அரசாங்கம் 1988 மாடல்லேர்ந்து காருக்குள்ள சுயபரிசோதனை இருந்தே ஆகணும்னு சட்டம் போட்டுச்சு. மெக்கானிக் மேல பாசம் இல்லீங்க, லாஸ் ஏஞ்சலஸ் புகை தாங்கலை. அதுவும் போதாதுன்னு 1996ல அமெரிக்கா முழுக்க ஓபிடி-2 வந்தது. ஒரே சாக்கெட், ஒரே கோடு வரிசை. பாஷை மட்டும் ஒண்ணில்லை. ஃபோர்டுக்கு ஒண்ணு, ஜிஎம்முக்கு ஒண்ணு, ஐரோப்பா ஆசியா கார்களுக்கு கே-லைன்ல ரெண்டு விதம். கடைசியா கேன் வந்து, 2008ல அமெரிக்காவுல கட்டாயமாச்சு. ஐரோப்பாவுல பெட்ரோல் கார்களுக்கு ஓபிடி 2001ல, டீசலுக்கு 2004ல.

இந்தியாவுல? 2010 ஏப்ரல்ல பிஎஸ்-4 சென்னை உட்பட 13 நகரங்களுக்கு வந்தப்பதான் முதல் கட்ட ஓபிடி. ரெண்டாம் கட்டம் 2013 ஏப்ரல். அந்த 13ல நிலக்கோட்டை இல்லைங்கறதை சொல்லத் தேவையில்லை. பிஎஸ்-4 நாடு முழுக்க வந்ததே 2017லதான்.

அதாவது 2002ல வித்த ஒரு பாலியோவோ லேன்சரோ எல்லாருக்கும் புரியற பாஷையில பேசணும்னு இங்கே எந்தச் சட்டமும் கேட்கலை. சாக்கெட் இருந்தா அது வெளிநாட்டு டிசைனோட கூட வந்தது. சாக்கெட் பொது, பேச்சு கம்பெனிக்குச் சொந்தம். டாங்கிள் பேசறதோ சட்டம் சொன்ன பாஷை மட்டும். அது "ஹலோ"ங்குது, வண்டி முழிக்குது. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை.

அதனால டூல் வாங்கும்போது விலையைப் பார்க்காதீங்க, வண்டி பிறந்த வருஷத்தையும் வீட்டையும் பாருங்க. ஃபியட்னா ஒரு யூஎஸ்பி கேகேஎல் கேபிள், ஒரு பழைய லேப்டாப், மல்ட்டிஈசியூஸ்கேன் சாஃப்ட்வேர் (முன்னாடி ஃபியட்ஈசியூஸ்கேன்னு பேரு). இலவசப் பதிப்புலயே இன்ஜின் கோடு படிக்கலாம். ஏபிஎஸ், ஏர்பேக் வேணும்னா தனி அடாப்டர் வயர். அதே மாதிரி கேகேஎல் கேபிள்தான் பழைய ஸ்கோடா, வோக்ஸ்வேகன்காரங்க வாக்-காம் சாஃப்ட்வேரோட வச்சிருந்தாங்க. திருவள்ளூர்ல தயாரான லேன்சருக்கு மிட்சுபிஷியோட எம்யுடி முறை தெரிஞ்ச கருவி வேணும். அந்தக் கால ஹோண்டாவுக்கு ஒரு துண்டு வயரே போதும். ரெண்டு பின் சர்வீஸ் செக் கனெக்டரை இணைச்சு, சாவியைத் திருப்பினா விளக்கு சிமிட்டும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டை ஒண்ணு. 7 வந்தா த்ராட்டில் சென்சார், 21 வந்தா விடெக் சோலினாய்டு. தப்பான கனெக்டர்ல வயரை விட்டா நான் பொறுப்பில்லை :-)

அந்த டாங்கிள்கள் பத்தியும் ஒரு வார்த்தை. ஈஎல்எம்327ங்கற சிப்பை வடிவமைச்சது எல்ம் எலக்ட்ரானிக்ஸ்ன்னு ஒரு சின்ன கனடா கம்பெனி. முதல் பதிப்புல காப்பி அடிக்காம இருக்கப் பூட்டு போடலை. சைனாவுல அதை நகல் எடுத்துத் தள்ளிட்டாங்க. இன்னிக்கு 'வி2.1'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வர்றதுல நிறைய அந்த நகலோட பேரப்பிள்ளைகள். பலதுல பழைய கே-லைன் பேச்சு ஒழுங்கா வராது, நமக்கு வேண்டியதோ அதுதான். அசல் கம்பெனி 2022ல கடையைச் சாத்திடுச்சு.

சரி, கம்பெனியோட சொந்த ஸ்கேனரையே வெளி மெக்கானிக் வாங்கக்கூடாதா? இதே கேள்வி போட்டி ஆணையத்துக்கே போச்சு. 2011ல ஹோண்டா, வோக்ஸ்வேகன், ஃபியட் மூணு பேர் மேல ஒரு புகார். உதிரிபாகத்தையும் டயக்னாஸ்டிக் கருவியையும் வெளி ஆளுங்களுக்குக் கொடுக்கறதில்லைன்னு. விசாரணை விரிஞ்சு, 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி அபராதம். ஃபோர்டு, நம்ம லேன்சர் தயாரிச்ச ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் எல்லாம் அந்தப் பட்டியல்ல உண்டு. அபராதம் மேல்முறையீடுன்னு கிளம்பிடுச்சு. ஆனா கருவி தராம இருந்ததாலதான் மரத்தடி மெக்கானிக் குருட்டாம்போக்குல பார்ட்ஸ் மாத்தினார்ங்கறதை நான் அந்தத் தீர்ப்புக்கு அப்புறம்தான் யோசிச்சேன். அதுக்கு முன்னாடி அவரைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம், இல்லையா?

கருவி கிடைச்சு வண்டி பேசிடுச்சுன்னு வைங்க. கோடைப் பார்த்ததும் அழிக்காதீங்க, முதல்ல பேப்பர்ல எழுதுங்க. அழிச்சா அந்த நேரத்து ஆர்பிஎம், சூடு எல்லாம் சேமிச்சு வச்சிருக்கற வண்டியா இருந்தா அதுவும் சேர்ந்து போயிடும். கோடு சொல்றது பார்ட் பேரும் இல்லை, கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச அறிகுறி. 'கலவை லீன்'னு வந்தா ஆக்சிஜன் சென்சாரை மாத்த ஓடுவாங்க. இருபது வருஷ வண்டியில இன்டேக் பக்கத்து வேக்கம் ஹோஸ் வெயில்ல காஞ்சு விரிசல் விட்டிருக்கும், காத்து திருட்டுத்தனமா உள்ளே போகும். அந்த ரப்பர் ஹோஸை முதல்ல கையால மடக்கிப் பாருங்க, அதுக்கு ஸ்கேனரே வேண்டாம்.