ஒரு 'ஒய்' தட்டும் தூரம்

டெபியன் லினக்ஸில் ஒரு பேக்கேஜ் கேட்டால் கூடவே முப்பது வந்து நிற்கும். 'தொடரலாமா?' என்று திரை கேட்கும். யோசிக்காமல் 'ஒய்' தட்டியே பழகியவன் நான்.

ஆதியில் இருந்த டிபிகேஜி, எது குறைகிறது என்று சொல்லி நின்றுவிடும். தேடிக் கொண்டுவருவது நம்ம பாடு. 1999-ல் டெபியன் 2.1-உடன் வந்த ஏபிடி அந்தப் பாட்டைத் தீர்த்தது. கூடவே, யாரை நம்புகிறோம் என்று பார்க்கும் பழக்கமும் போச்சு.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலில் ஒரு கள்ளவாசல் அகப்பட்டது. குறி எஸ்எஸ்ஹெச். அதற்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. டெபியன் அதைச் சிஸ்டம்டியின் நூலகத்தோடு இணைத்தது, அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. உள்நுழைய அரை நொடி கூடுதலாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் துருவிப் பார்த்ததால், நிலையான பதிப்புக்குள் அது நுழையவில்லை.

இப்பவும் 'ஒய்'தான் தட்டுகிறேன். வேற வழி? பட்டியலை மட்டும் ஒருதரம் வாசித்துவிட்டு.