சக்கரம் மாற்றியதும் எரியும் மஞ்சள் விளக்கு

இப்போது வரும் கார்களில், ஓட்டுபவருக்கு எதிரே குதிரை லாடம் போன்ற ஒரு வடிவமும் அதன் நடுவே ஆச்சரியக்குறியும் மஞ்சளாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். லாடம் அல்ல, டயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் தோற்றம் அது. டயரில் காற்று குறைந்தால் எரியும். வெளிக்கடையில் அலாய் சக்கரம் வாங்கிப் போட்டவர்கள் பலருடைய காரில் இது நாள் முழுக்க எரிகிறது. சிலர் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டுவதற்கு முன் அந்த விளக்கு வந்த கதையை ஒருமுறை கேட்டுவிடலாம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு டயர் என்றால் 'ப்னெ'. 'ப்னெமத்தீக்' என்பதன் சுருக்கம். காற்று, மூச்சு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. (பாரீசில் குழாய்க்குள் காற்றழுத்தத்தால் அனுப்பிய அவசரக் கடிதத்துக்கும் இதே பெயர்தான். 1984 வரை அந்தத் தபால் இருந்தது.) காருக்குக் காற்றடைத்த டயர் உதவும் என்று காட்ட மிஷ்லேன் சகோதரர்கள் 1895இல் பாரீஸ் - போர்தோ - பாரீஸ் பந்தயத்தில் தாங்களே ஓட்டிச் சென்றார்கள். சுமார் 1,200 கிலோமீட்டர். வழி நெடுகப் பஞ்சர். ஆனாலும் வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடம், டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும்தான் தெரியும். சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போமே, அதுதான் நம் சென்சார். 1986இல் போர்ஷே 959 என்ற மிக விலையுயர்ந்த காரில் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி வந்தது. 2000ஐ ஒட்டி பெஜோ 607, ரெனோ லகுனா போன்ற பிரெஞ்சுக் கார்களிலும் வந்தது. அதுவரை அது வசதிதான், கட்டாயமில்லை.

கட்டாயம் ஆனதற்குக் காரணம் சாவுகள். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்பட்டை வேகத்தில் பிய்ந்து, வண்டி உருண்டது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். ஃபோர்டு 26 பவுண்டு காற்று போதும் என்று சொல்லியிருந்தது. 30 இருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். ஹென்றி ஃபோர்டின் பேரனும் ஹார்வி ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் 1947இல் திருமணம் செய்துகொண்டவர்கள், அதாவது இரண்டும் சம்பந்தி வீடு. அந்த உறவும் வியாபாரத்தில் 2001இல் முறிந்தது. காற்று குறைந்த டயர் ஓடும்போது பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறும். வெயில் ஊர்களில் இது இன்னும் மோசம். நம் திண்டிவனம் சாலையைச் சித்திரை மாதத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

2000 நவம்பரில் சட்டம் வந்தது. ஒரு டயரில் காற்று கணிசமாகக் குறைந்தால் ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்றது. ஆனால் இலாகா எழுதிய விதியில், நான்கு டயரும் ஒன்றாக இறங்கினால் கண்டுபிடிக்க முடியாத மலிவு முறைக்கும் இடம் இருந்தது. 2003இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கோப்பிலேயே காலம் தள்ளிய எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். சட்டத்தில் ஒன்றும் விதியில் ஒன்றுமாக இருந்ததைச் சரியாகப் பிடித்தார்கள். 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும், 2014 நவம்பர் முதல் ஐரோப்பாவிலும் இது கட்டாயம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சக்கரத்துக்குள் வால்வோடு ஒரு சிறு சென்சார் இருக்கும், அதற்குள்ளே பேட்டரி. ரேடியோ அலையில் தன் எண்ணையும் அழுத்தத்தையும் காருக்குச் சொல்லும். இன்னொன்றில் டயருக்குள் ஒன்றும் கிடையாது. காற்று குறைந்த சக்கரம் சற்றே சிறிதாகி வேகமாகச் சுற்றும். பிரேக்குக்காக வைத்த ஏபிஎஸ் சென்சார் அதைக் கவனிக்கும். இந்த வகையில் சக்கரம் மாற்றினால், சரியாகக் காற்றடித்துவிட்டு ரீசெட் செய்தால் பெரும்பாலும் போதும். காற்று குறைவாக இருக்கும்போது ரீசெட் செய்தால், அந்தக் குறைவையே சரி என்று கார் கற்றுக்கொள்ளும்.

என் மருமகனின் கார் முதல் வகை, ஆறு வருடப் பழசு. அலாய் மாற்றிய அன்றே விளக்கு எரிந்தது. "அது சும்மா எரியும் சார்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எரிகிற விதத்தைப் பாருங்கள் மாப்பிள்ளை என்றேன். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக நின்றது. எடுத்த எடுப்பில் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. முதலில் இமைத்தால் கருவி சக்கரத்தோடு பேச முடியவில்லை என்று பொருள். எப்படிப் பேசும்? நான்கு சென்சாரும் கழற்றிப் போட்ட பழைய சக்கரங்களில், மாடிப்படிக்குக் கீழே கிடந்தன.

வேறொரு பட்டறையில் அவற்றை எடுத்துப் புதுச் சக்கரத்தில் பொருத்தினார்கள். அதற்கு முன் வால்வுத் துளை ஒத்துப்போகிறதா, உள்ளே இடிக்கிறதா என்று பார்த்தார்கள். கையடக்கக் கருவியால் ஒவ்வொன்றையும் எழுப்பி, அதன் எண்ணைக் காரில் பதிவு செய்தார்கள். மூன்று பேசின. நான்காவதில் பேட்டரி தீர்ந்திருந்தது. அதை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். இணையத்தில் அமெரிக்கச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்றார் மாப்பிள்ளை. அங்கே 315 மெகாஹெர்ட்ஸ், இவர் காருக்கு 433. வாங்கினாலும் கேட்காது.

இந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சென்சாரும், ட்யூப்லெஸ் டயரைச் சரிசெய்யும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020இல் நம் மத்திய அரசு கார்களுக்கு விதி தளர்த்தியது. மாப்பிள்ளை காரிலும் டிக்கியில் ஸ்டெப்னி இல்லை, ஒரு சிறு பம்பும் பசைக் குப்பியும்தான். காற்று இறங்குவது முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தக் குப்பியால் பயன். நான்காவது சென்சார் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அதைப் போட்டு, விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே பேத்திகளோடு சென்னைக்குக் கிளம்பினார்கள்.