பிரதிமம் என்னும் சொல்லும் வீரனின் முகமும்

கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் ஜேம்ஸ் ஊட்ரம் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவரின் வெண்கல உருவம் குதிரைமீது திரும்பிப் பார்க்கும் நிலையில் உள்ளது. ஜான் ஹென்றி ஃபோலி வடித்தது. ஊட்ரம் 1863இல் இறந்தவர். அவர் முகத்தை அறிந்தோர் ஃபோலியின் காலத்தில் பலர் இருந்தனர். இடைக்காலத் தொடக்கத்து வீரன் ஒருவனை ஆய்ந்து வார்க்க முனையும் சிற்பிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சொற்களே. அவற்றை மொழிபெயர்ப்பவர் பிழை செய்தால் அப்பிழை உலோகத்திலும் நிலைத்துவிடும்.

இவ்வகையில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஈடற்றவை. அக்கோயிலின் ஸ்ரீகாரியம் செய்த ஆதித்தன் சூரியன் எழுந்தருளுவித்த செப்பு உருவங்களுள் ‘பெரிய பெருமாள்’ உருவமும் ஒன்று. அது முதலாம் இராசராசனைக் குறிக்கும் என்பர். இக்கல்வெட்டுகள் உருவங்களின் உயரத்தைப் ‘பாதாதிகேசாந்தம்’ என அடிமுதல் முடிவரை முழத்தாலும் விரலாலும் அளந்து கூறும். திண்ணிய வார்ப்பைக் ‘கனம்’ என்றும் உள்ளீடற்றதைப் ‘பொள்ளல்’ என்றும் வேறுபடுத்தும். முகச்சாயல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘பிரதிமம்’ என்பது இறையுருவுக்கும் அரசனுருவுக்கும் பொதுவாக வழங்கியுள்ளது. எனவே அதனை ‘நேருருவம்’ எனப் பெயர்ப்பது மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகும். (‘வெண்கலச் சிலை’ என்னும் இன்றைய தொடரும் எண்ணத்தக்கது. பழந்தமிழில் சிலை என்பது கல்லும் வில்லுமே.) இராசராசன், உலகமாதேவி உருவங்கள் எனக் கருதப்பட்ட இரண்டு 2018இல் அகமதாபாத்திலிருந்து தஞ்சைக்கு மீட்கப்பட்டபோது எழுந்த அடையாளச் சிக்கலுக்கும் இதுவே வேர் எனலாம்.

அதே கோயிலில் சிறுத்தொண்டநம்பியும் திருவெண்காட்டு நங்கையும் சீராளதேவரும் செம்பில் எழுந்தருளினர். வாதாபியைப் படைகொண்டு சென்று அழித்தவர் எனச் சேக்கிழார் பின்னர்ப் பாடியவர் இச்சிறுத்தொண்டரே. ஆயினும் செப்புத் திருமேனி மரபு அவரைப் படைத்தலைவராகக் காட்டுவதில்லை. மனைவியோடும் மகனோடும் நிற்கும் அடியாராகவே காட்டுகிறது. கையில் வாள் கொடுத்து இன்று அவரை வார்ப்பது புராணத்துக்கு ஒக்கும், அம்மரபுக்கு ஒவ்வாது. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் ‘ஒடியோலை’ எனப்படும் ஓலை நறுக்கை மடித்தே உறுப்பளவு காண்கின்றனர். அங்கும் அளவே முதன்மை பெறுகிறது.

படைக்கலச் சான்றை வேறிடத்தில் தேடவேண்டும். செங்கம் வட்டாரத்துப் பல்லவர்கால நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள் உள்ளனர். யாருடைய ஆட்சியில், எதன்பொருட்டுப் பட்டான் என்ற செய்தியும் பலவற்றில் உண்டு. சிற்பி அங்கிருந்து ஆயுதத்தையும் நிற்கும் நிலையையும் பெறலாம். முகத்தை அங்கும் பெற இயலாது.